பழைய லிங்க் உடையாமல் தளத்தின் முகவரியை மாற்றுவது எப்படி?

ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பு, எல்லவில் ஒரு ஹோம்ஸ்டே, ஏதோவொரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் என்று எதை எடுத்தாலும், அதன் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கணினி தெரிந்த வீட்டுப் பிள்ளைதான். தளத்தைப் புதுசாக்கச் சொல்வார்கள். பிள்ளையும் பக்கங்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தி, புது டிசைன் போட்டு முடித்துவிடும். ஒரு வாரம் கழித்து மாமா போன் எடுப்பார்: "கூகுள்ல நம்ம பேர் வருது தம்பி, தொட்டா பக்கம் இல்லைன்னு சொல்லுதே?" இந்த வழிகாட்டி அந்தத் தம்பி தங்கைகளுக்காக.

பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைப்பதுதான் ரீடைரக்ட். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல் தோட்ட ஒபிசுக்குப் போன கடிதங்கள் எத்தனை பேர் கைக்கு வராமல் போயின என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இணையத்தில் முகவரி தவறினாலும் அதே கதைதான்.

உள்ளே நடப்பது சின்ன விஷயம். பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்கிறது. சேர்வர் (தளத்தை வைத்திருக்கும் கணினி) பக்கத்தைத் தராமல் ஒரு மூன்று இலக்க எண்ணையும் புதிய முகவரியையும் பதிலாகத் தருகிறது. பிரவுசர் அந்தப் புதிய முகவரியை மறுபடி போய்க் கேட்கிறது. கடைசியில் பக்கத்தைக் கேட்பது பிரவுசர்தான், சேர்வர் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. இதை மனதில் வைத்தால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

எந்த எண்?

நிரந்தர மாற்றத்துக்கு 301. தற்காலிக மாற்றத்துக்கு 302. 308, 307 என்று இன்னும் இரண்டு உண்டு. அவையும் முறையே நிரந்தரம், தற்காலிகம்தான், ஆனால் படிவம் நிரப்பி அனுப்பிய தகவல் வழியில் தொலையாமல் பார்த்துக்கொள்ளும். சாதாரணத் தளத்துக்கு முதல் இரண்டே போதும்.

எது எப்போது என்பதற்கு மலையடிவாரத்து நல்லதண்ணியில் அறை வாடகைக்கு விடுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. யாத்திரிகர்களுக்கென்று தனிப் பக்கம் வைத்திருந்தால், ஜூன் முதல் நவம்பர் வரை அதற்கு வேலையில்லை. அந்த மாதங்களில் அதைச் சாதாரண அறைகள் பக்கத்துக்கு 302 போட்டுத் திருப்பலாம். டிசம்பரில் எடுத்துவிட்டால் பக்கம் பழையபடி வேலை செய்யும். இந்த இடத்தில் 301 போட்டால், பழைய பக்கம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். சீசன் நேரத்தில் தேடலில் மறுபடி மேலே வர நீங்கள்தான் அல்லாட வேண்டும். ஏப்ரல் மாத நுவரெலியா சீசனுக்குத் தனிப் பக்கம் போடுகிறவர்களுக்கும் இதே கணக்கு.

டொமைன் மாறினாலோ, பக்கத்தின் பெயரை மாற்றினாலோ, இரண்டு பக்கங்களை ஒன்றாக்கினாலோ 301.

எதையும் தொடுவதற்கு முன் பட்டியல்

பலர் தாண்டிப் போகிற படி இது. என் கணக்கில் மொத்த வேலையில் பாதி இதுதான்.

ஒரு விரிதாளில் இரண்டு நிரல் போடுங்கள்: பழைய முகவரி, புதிய முகவரி. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் சைட்மேப் கோப்பில் இருக்கும் முகவரிகளை முதலில் எடுத்துவிடுங்கள். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சேர்ச் கொன்சோலில் எந்தப் பக்கங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்து, விடுபட்டவற்றைச் சேருங்கள். அப்புறம் கணினிக்கு வெளியே வாருங்கள். கேட்டில் தொங்கும் பலகையின் கியூஆர் குறியீடு, விசிட்டிங் கார்ட், முச்சக்கரவண்டிக்காரரிடம் கொடுத்து வைத்த துண்டுப்பிரசுரம், பேஸ்புக் பக்கம், கூகுள் மெப்பில் இருக்கும் கடை விவரம், அறை முன்பதிவுத் தளங்கள் எல்லாவற்றிலும் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். இணையத்தில் இருப்பதைத் திருத்திவிடலாம். அச்சடித்தது அச்சடித்ததுதான். சாதாரண கியூஆர் குறியீட்டுக்குள் முகவரி அப்படியே பதிந்திருக்கும், பின்னால் மாற்ற முடியாது.

புதிய முகவரி நிரலை நிரப்பும்போது சோம்பல் வரும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இராவணா நீர்வீழ்ச்சிக்கு எப்படிப் போவது என்று படிக்க வந்தவர் உங்கள் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் இப்படிப்பட்ட ரீடைரக்டை இல்லாத பக்கமாகவே கணக்கில் எடுக்கும். பொருத்தமான புதிய பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 வருவதே நேர்மை. வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 என்றும் பதில் கொடுக்கலாம்.

ரீடைரக்ட் போடுவது

வேர்ட்பிரஸ் தளம் என்றால் ரீடைரக்‌ஷன் என்ற இலவச பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) போதும். நிறுவியதும் கருவிகள் மெனுவுக்குள் வந்து உட்காரும். மூல முகவரிப் பெட்டியில் பழையதையும், இலக்குப் பெட்டியில் புதியதையும் போட்டுச் சேமித்தால் சரி. மூலப் பெட்டியில் டொமைனை விட்டுவிட்டு, சாய்கோட்டில் தொடங்கும் பகுதியை மட்டும் போடுங்கள். நூறு முகவரிகள் இருந்தால் விரிதாளை சிஎஸ்வி கோப்பாக்கி ஒரேயடியாக ஏற்றலாம். 404 வந்த முகவரிகளை அதுவே பதிந்து வைக்கும். முதல் மாதம் அந்தப் பதிவை அடிக்கடி பாருங்கள், பட்டியலில் விட்டுப்போனவை அங்கேதான் தலைகாட்டும்.

வேர்ட்பிரஸில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. வெளியிட்ட பதிவின் (போஸ்ட்) முகவரியை மாற்றினால், பழைய முகவரியை அது தானே நினைவில் வைத்துத் திருப்பிவிடும். தனிப் பக்கத்துக்கு (பேஜ்) அந்த நினைவு கிடையாது. 'அட்டன்' என்று இருந்த முகவரியை 'ஹட்டன்' என்று திருத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவாக இருந்தால் தப்பிப்பீர்கள். பக்கமாக இருந்தால் ரீடைரக்டை நீங்களே போட வேண்டும்.

சிபெனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங் (தளத்துக்கு இடம் தரும் சேவை) என்றால், டொமைன்ஸ் பகுதியில் ரீடைரக்ட்ஸ் இருக்கும். நிரந்தரமா தற்காலிகமா என்று தெரிவு செய்து, முகவரிகளைப் போட்டுவிடலாம். 'வைல்ட் கார்ட்' என்ற பெட்டியில் சரி அடையாளம் போட்டால், பழைய டொமைனின் ஒவ்வொரு பக்கமும் புதிய டொமைனில் அதே பெயருள்ள பக்கத்துக்குப் போகும். டொமைன் மட்டும் மாறி உள்ளே பெயர்கள் மாறவில்லை என்றால் இது ஒன்றே போதும்.

சிபெனல் இந்த விதிகளை எழுதிவைப்பது புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் என்ற கோப்பில். ஃபைல் மெனேஜர் அமைப்புகளில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். கையால் திருத்துவதென்றால் முதலில் பிரதி எடுத்து வையுங்கள், ஒரு எழுத்து பிசகினாலும் தளம் முழுக்க 500 பிழை காட்டும். அந்தக் கோப்பில் வேர்ட்பிரஸ் தனக்கென்று ஆரம்பம், முடிவு என்று குறித்த ஒரு பகுதி இருக்கும். அதற்குள் எழுதினால் வேர்ட்பிரஸ் ஒருநாள் அழித்துவிடும். அதற்குக் கீழே எழுதினால் உங்கள் விதிக்கு முறை வராமலே போகலாம். அதனால் அந்தப் பகுதிக்கு மேலே எழுதுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் இந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது, ஆகவே உங்கள் ஹோஸ்டிங் எதில் ஓடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புளொகரில் அமைப்புகளுக்குள் பிழைகளும் ரீடைரக்டும் என்ற பகுதி உண்டு. ஆனால் அதே வலைப்பூவுக்குள் மட்டுமே திருப்பலாம், வேறு தளத்துக்கு அனுப்ப விடாது.

டொமைன் விற்கும் இடங்கள் தரும் ஃபோவர்டிங் வசதியில் 'மாஸ்கிங்' என்ற தெரிவு இருந்தால் தொடாதீர்கள். அது ரீடைரக்டே அல்ல. பழைய முகவரிக்குள் புதிய தளத்தை ஒரு சட்டத்தில் மாட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

தமிழ் முகவரிகளில் வரும் தலைவலி

முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத்தான் தெரியும். உள்ளே அப்படியில்லை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. இந்தக் கணக்கில் புள்ளியும் கால்கொம்பும் தனித்தனிக் குறிகள். 'ஹட்டன்' என்ற சொல்லில் ஆறு குறிகள், அதுவே 54 எழுத்தாகிவிடும்.

வேர்ட்பிரஸ் ஒரு முகவரிப் பெயருக்கு 200 எழுத்துக்கு மேல் இடம் தராது. அதாவது ஏறக்குறைய 22 தமிழ்க் குறிகள். 'சிவனொளிபாதமலை பருவகால அறைகள்' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'சிவனொளிபாதமலை-பருவகால-அற' என்று நடுவில் அறுந்து நிற்கும். பட்டியல் போடும்போது தலைப்பைப் பார்த்து முகவரியை ஊகித்து எழுதினால் ரீடைரக்ட் பொருந்தாது. எப்போதும் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுங்கள்.

கையால் தட்டச்சு செய்யக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'ொ', 'ோ' போன்ற குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சேர்வருக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரைகளில் இது அடிக்கடி மாட்டும். மணிக்கணக்காகத் தேடினாலும் பிழை கண்ணில் படாது.

என் அபிப்பிராயம்: தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரிப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ்ப்பற்று இல்லாமல் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக நீண்டு தெரிகிற லிங்கை ஏதோ வைரஸ் என்று பயந்து தொடாதவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

டொட் எல்கேயோடு டொட் இலங்கை என்ற தமிழ் டொமைனும் எடுத்திருந்தால், ஒன்றைப் பிரதானமாக வைத்து மற்றதை 301 போட்டுத் திருப்புங்கள். தமிழ் டொமைன் சேர்வர் அமைப்புகளில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும். விதியிலும் அந்த வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

ஒரே தாவலில் போகட்டும்

எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு ரீடைரக்ட், அங்கிருந்து மூன்று டபிள்யூ இல்லாத முகவரிக்கு ஒன்று, பிறகு பழைய பக்கத்திலிருந்து 2 வருடம் முன்பு வைத்த பெயருக்கு, அதிலிருந்து இப்போதைய பெயருக்கு என்று சங்கிலி நீண்டுவிடும். கொழும்பில் ஃபைபர் இணைப்பில் இருப்பவருக்கு இது தெரியாது. மஸ்கெலியாவில் மலைக்குப் பின்னால் ஒற்றைக் கோடு சிக்னலில் இருப்பவருக்கு ஒவ்வொரு தாவலும் இன்னொரு காத்திருப்பு. தளங்களைப் படித்துப் போகும் கூகுளின் ரோபோ பத்துத் தாவல் வரை பின்தொடரும், ஆனால் மனிதர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. ஒவ்வொரு முறை பெயர் மாற்றும்போதும் பழைய விதிகளை எடுத்து, எல்லாம் நேரே கடைசி முகவரிக்குப் போகும்படி திருத்துங்கள்.

தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் இருந்தால், வருகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்துத் தானாக மொழியை மாற்றும் ரீடைரக்ட் வேண்டாம். கூகுள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால், அது உங்கள் தமிழ்ப் பக்கங்களைப் பார்க்காமலே போகக்கூடும். மேலே மூன்று மொழிக்கும் லிங்க் கொடுத்தால் போதும்.

சோதிப்பது

முதலில் 302 ஆகப் போட்டுச் சோதித்து, சரியென்று கண்ட பிறகு 301 ஆக்குங்கள். காரணம், 301ஐ பிரவுசர் மனப்பாடம் செய்துகொள்ளும். தவறான 301 ஒன்றைப் போட்டுவிட்டுத் திருத்தினாலும், உங்கள் பிரவுசர் சேர்வரைக் கேட்காமலே பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் விதியை மாற்றி மாற்றி அலைவீர்கள். அதனால் சோதனையை எப்போதும் இன்கொக்னிட்டோ ஜன்னலில் செய்யுங்கள்.

கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வேர்க் பகுதிக்குப் போய், பதிவை அழிக்காமல் வைக்கும் 'பிரிசேர்வ் லொக்' பெட்டியில் சரி போட்டுவிட்டு, பழைய முகவரியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தாவலும் அதன் எண்ணோடு வரிசையாக விழும். ஒரு வரியைத் தொட்டால் சேர்வரின் பதில் முழுதாகத் தெரியும். அதில் 'எக்ஸ்-ரீடைரக்ட்-பை' என்ற வரி இருந்தால் யார் திருப்பியது என்று அதுவே சொல்லிவிடும்: வேர்ட்பிரஸா, ரீடைரக்‌ஷன் பிளகினா என்று. 2019இல் வந்த வேர்ட்பிரஸ் 5.1 முதல் இந்த வசதி இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் பெரும்பாலும் சேர்வர் கோப்பிலோ, தளத்துக்கும் வருகிறவருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேயர் சேவையிலோ விதி இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் டிஸ்க் கேஷ் என்று இருந்தால் அது உங்கள் பிரவுசரின் பழைய நினைவு, சேர்வர் மேல் பிழை இல்லை.

கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பிரவுசர், கிளவுட்ஃபிளேயர், சேர்வர், வேர்ட்பிரஸ் என்ற நான்கில் எது திருப்புகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் நான்கிலும் கை வைத்தால் கோளாறு நான்காகப் பெருகும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

அளவுக்கு மீறிய ரீடைரக்ட் என்று பிரவுசர் சொல்கிறது. இரண்டு விதிகள் ஒன்றையொன்று பந்தாடுகின்றன. கிளவுட்ஃபிளேயர் வைத்திருந்தால் முதலில் எஸ்எஸ்எல் (தகவலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு முறை) அமைப்பைப் பாருங்கள். 'ஃபிளெக்சிபிள்' என்று இருந்தால், வருகிறவருக்கும் கிளவுட்ஃபிளேயருக்கும் இடையில்தான் பாதுகாப்பு. கிளவுட்ஃபிளேயர் உங்கள் சேர்வரிடம் சாதாரண எச்டிடிபியில் கேட்கும். சேர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா என்று திருப்பும். கிளவுட்ஃபிளேயர் மறுபடி எச்டிடிபியில் கேட்கும். இப்படியே சுற்றும். சேர்வரில் சான்றிதழ் போட்டுவிட்டு அமைப்பை 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' ஆக்கினால் சுற்று நின்றுவிடும். கிளவுட்ஃபிளேயர் இல்லையென்றால், வேர்ட்பிரஸ் பொது அமைப்புகளில் உள்ள இரண்டு முகவரிகளும், சிபெனல் விதியும் மூன்று டபிள்யூ விஷயத்தில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று சேர்க்கச் சொல்லி, மற்றது எடுக்கச் சொன்னால் முடிவே வராது. உள்ளே நுழையவே முடியவில்லை என்றால், ஃபைல் மெனேஜரில் ரீடைரக்ட் போட்ட பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். பிளகின் தானாக நின்றுவிடும்.

முகவரியின் வால் நீண்டுகொண்டே போகிறது. '/அறைகள்' என்பதை '/அறைகள்/புதிய' என்பதற்குத் திருப்பியிருப்பீர்கள். எச்டிஆக்சஸ் கோப்பைப் படிக்கும் அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருளின் சாதாரண ரீடைரக்ட் கட்டளை, அந்தப் பெயருக்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். புதிய முகவரியும் '/அறைகள்' என்றே தொடங்குவதால், அதையும் பிடித்து இன்னொரு '/புதிய' ஒட்டும். புதிய பக்கத்தை வேறு பெயரில் வைப்பதே சுலபமான வழி.

நேரே தட்டினால் வேலை செய்கிறது, பேஸ்புக்கிலிருந்து வந்தால் 404. பேஸ்புக் லிங்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டுத் தன் அடையாளக் குறியீடு ஒன்றை ஒட்டிவிடும். உங்கள் விதி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று இருந்தால் தவறிவிடும். ரீடைரக்‌ஷன் பிளகினில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைப் பொருட்படுத்தாமல் விடும் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள்.

பழைய டொமைனில் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. ரீடைரக்ட் சரியாகவே இருக்கும். ஆனால் எச்டிடிபிஎஸ் முகவரியில் பிரவுசர் முதலில் சான்றிதழைப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் சேர்வரின் பதிலைக் கேட்கும். ஆகவே பழைய டொமைனுக்கும் உயிருள்ள சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும். டொமைன் எந்தச் சேர்வருக்குப் போகிறது என்று குறிக்கும் டிஎன்எஸ்ஸில் சிநேம் பதிவைப் போட்டுவிட்டு ரீடைரக்ட் செய்துவிட்டேன் என்று நினைப்பவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள். அந்தப் பதிவு டொமைனை ஒரு சேர்வருக்குக் காட்டுமே தவிர, யாரையும் வேறு முகவரிக்குத் திருப்பாது.

போனில் மட்டும், அல்லது கூகுள் வழியாக வந்தால் மட்டும், ஏதோ சூதாட்டத் தளத்துக்குப் போகிறது. இது நீங்கள் போட்ட ரீடைரக்ட் அல்ல, தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். உரிமையாளர் கணினியில் நேரே திறந்து பார்த்தால் தெரியாதபடிதான் இதைச் செய்வார்கள். எச்டிஆக்சஸ் கோப்பில் நீங்கள் எழுதாத வரிகள், பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி, காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய தீம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றி, வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக நிறுவி, சேர்ச் கொன்சோலின் பாதுகாப்புப் பகுதியில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

குறைந்தது ஒரு வருடம் என்பது கூகுளின் ஆலோசனை. டொமைனே மாறியிருந்தால் சேர்ச் கொன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் கருவி இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். அதற்கு ரீடைரக்டுகள் 180 நாளாவது உயிரோடு இருக்க வேண்டும். பலகையிலும் கார்டிலும் ஏறிய முகவரிகளை எடுக்கவே வேண்டாம், ஒரு விதியால் சேர்வருக்குப் பெரிய சுமை இல்லை. பழைய டொமைனையும் வருடா வருடம் புதுப்பியுங்கள். விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கி, உங்கள் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு எதையாவது காட்டுவார்கள்.

இன்னொன்று. தளத்தைச் செய்துகொடுத்த பிள்ளை வேலை கிடைத்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். ரீடைரக்ட் பட்டியல், ஹோஸ்டிங் கடவுச்சொல், டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது முடிகிறது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, தளத்தின் உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.